சென்னையிலிருந்து கடல்வழி ரீஃபர் சேவை: கப்பலுக்கு முழு மார்க், கரைக்குப் பாதிதான்

உறைந்த பரோட்டா, துருவிய தேங்காய், முருங்கைக்காய்த் துண்டு, இறால், வஞ்சிரம் என்று சென்னையிலிருந்து வெளிநாட்டுக் கடைகளுக்குக் கப்பலேறும் குளிர்சரக்கு, குளிரூட்டும் இயந்திரம் பொருத்திய ரீஃபர் கன்டெய்னரில்தான் போகிறது. எந்த ஒரு கம்பெனியையும் இங்கே எடைபோடவில்லை. சின்ன, நடுத்தர ஏற்றுமதியாளர் ஒருவர் ஃபார்வர்டர் (சரக்கு அனுப்பும் வேலைகளை ஏற்பாடு செய்பவர்) மூலம் வாங்கும் சேவை முழுவதையும் பார்க்கிறோம்: பெட்டி, டிரெய்லர், டெர்மினல், கப்பல், காகிதம், கடைசியில் இழப்பீடு.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். கப்பலில் பிளக் மாட்டிய பிறகு பெரிதாகக் கவலைப்பட ஒன்றுமில்லை. பொறியாளர்கள் இருக்கிறார்கள், மின்சாரம் இருக்கிறது, பெட்டி வரிசையைத் தினமும் சுற்றிப் பார்க்கிறார்கள். சரக்குக்கு ஆபத்து, நம் கோல்டு ஸ்டோரேஜ் கதவுக்கும் டெர்மினல் பிளக்குக்கும் நடுவில் இருக்கும் அந்தச் சில மணி நேரத்தில்தான். ஆனால் ஃபார்வர்டரைத் தேர்ந்தெடுக்கும்போது எல்லோரும் கேட்பது கடல் ஃப்ரெய்ட் (கப்பல் கட்டணம்) எவ்வளவு என்று மட்டும். கரையில் அவர் என்ன செய்வார் என்று யாரும் கேட்பதில்லை.

முதலில் இயந்திரம். ரீஃபர் பெட்டிக்கு உறைய வைக்கும் வேலை கிடையாது. உறைந்து வந்ததை அப்படியே காப்பதுதான் அதன் வேலை. 40 அடி ஹை க்யூப் ரீஃபருக்குள் ஏறத்தாழ 67 கன மீட்டர் இடம் இருக்கிறது. 25 டன் வரை சரக்கு சாதாரணமாக ஏறுகிறது. முன்பக்கத்து இயந்திரத்தின் சக்தி, சுவர் வழியாகவும் கதவு ரப்பர் வழியாகவும் உள்ளே வரும் வெப்பத்தை வெளியே தள்ளும் அளவுக்குத்தான். தொழிற்சாலையின் பிளாஸ்ட் ஃப்ரீசர் −35, −40 டிகிரிக் காற்றை வேகமாக அடித்துச் சில மணி நேரத்தில் செய்வதை இதனிடம் எதிர்பார்க்கக் கூடாது. −10 டிகிரியில் ஏற்றினால் ஓரத்து அட்டைப்பெட்டிகளின் வெப்பநிலை முதலில் இறங்கும், நடுவில் இருப்பவற்றின் வெப்பநிலை பல நாள் கழித்துத்தான் இறங்கும். மெதுவாக உறையும் பொருளில் பனிப்படிகம் பெரிதாக வளரும். இறாலாக இருந்தால் போய் இறங்கியதும் தண்ணீர் விடும். தேங்காய்த் துருவல் கட்டியாகும். பரோட்டா கல்லில் போட்டால் அடுக்கு பிரியாது.

அதனால் பிளாஸ்டிலிருந்து எடுத்ததை நேராக ஏற்றாமல், −20 டிகிரி அறையில் ஒரு நாளாவது வைத்து, நடுப்பாகம் −18-க்கு வந்ததா என்று பார்த்த பிறகே ஏற்ற வேண்டும். இறால் பிளாக், மீன் போன்றவற்றில் டிரில்லால் துளையிட்டு அதில் புரோப் (தெர்மாமீட்டர் ஊசி) நுழைக்க வேண்டும். பாக்கெட் சரக்கில் இரண்டு பாக்கெட்டுக்கு நடுவே புரோப்பை வைத்து, அழுத்திப் பிடித்து, அளவு நிலைக்கும் வரை காத்திருக்க வேண்டும். அட்டைப்பெட்டியின் மேல்புறத்தில் இன்ஃப்ராரெட் துப்பாக்கியைக் காட்டிக் குறித்துக்கொள்ளும் வெப்பநிலை அட்டையின் வெப்பநிலை. பொருளின் வெப்பநிலை அதில் தெரியாது.

காலிப் பெட்டி வந்ததும் செய்ய வேண்டியதற்குப் பத்து நிமிடம் போதும். பி.டி.ஐ. (பெட்டியைத் தருவதற்கு முன் இயந்திரத்துக்குச் செய்யும் சோதனை) எப்போது முடிந்தது, கப்பல் கிளம்பும் தேதி வரை அது செல்லுமா என்று பார்க்க வேண்டும். செல்லுபடிக் காலம் லைனுக்கு லைன் (கப்பல் கம்பெனிக்குக் கம்பெனி) மாறும் என்பதால் ஸ்டிக்கரை மட்டும் நம்பாமல் மெயிலில் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. அடுத்து உள்ளே ஏறி நின்று கதவை வெளியிலிருந்து சாத்தச் சொல்லுங்கள். எங்காவது ஒரு புள்ளி வெளிச்சம் தெரிந்தால் அந்தப் பெட்டி வேண்டாம். பிறகு மோந்து பாருங்கள். இதற்கு முன் மீன் போன பெட்டியில் கழுவிய பிறகும் நாற்றம் தங்கியிருந்தால், அது பரோட்டா மாவில் ஏறாமல் விடாது. தரை டி வடிவக் கம்பிகளால் ஆனது. அந்தக் கம்பிகளின் இடைவெளியில்தான் குளிர்காற்று ஓடுகிறது. அங்கே பழைய அட்டைத்துண்டோ பிளாஸ்டிக் தாளோ சிக்கியிருந்தால் எடுத்துப் போட வேண்டும். உறைந்த சரக்குக்கு ஃப்ரெஷ் ஏர் வென்ட் (வெளிக்காற்றுத் துவாரம்) மூடியிருக்க வேண்டும். இயந்திரப் பக்கம் இருக்கும் வட்டத் தட்டு அது. பாதி திறந்திருந்தால் சென்னையின் ஈரக்காற்று வழி முழுக்க உள்ளே போய், குளிரூட்டும் காயிலில் பனியாகப் பிடிக்கும்.

ஏற்றும்போது அடிக்கடி நடக்கும் தப்பு, இயந்திரத்தை ஓடவிட்டுக் கதவைத் திறந்து வைப்பது. குளிர் போகாமல் இருக்கும் என்ற எண்ணத்தில் செய்கிறார்கள். நடப்பது நேர்மாறு. ஃபேன் வெளியே இருக்கும் 35 டிகிரி ஈரக்காற்றை உள்ளே இழுத்து இவாப்பரேட்டர் காயிலில் பனிக்கட்டியாக அப்புகிறது. காற்றுப்பாதை அடைபட்டு, கதவைச் சாத்திய பிறகு பெட்டி டீஃப்ராஸ்டிலேயே (காயிலில் பிடித்த பனியை உருக்குவதிலேயே) காலம் தள்ளுகிறது. கோல்டு ஸ்டோரேஜ் வாசலில் பெட்டியோடு ஒட்டும் டாக் ஷெல்டர் இருந்தால் முன்கூட்டிக் குளிர்வித்த பெட்டியில் ஏற்றலாம். இல்லையென்றால் முன்குளிர்விக்கவும் கூடாது, ஏற்றும்போது இயந்திரம் ஓடவும் கூடாது. விடியற்காலையில், போதுமான ஆள் வைத்து, வேகமாக ஏற்றி, கதவைச் சாத்தி, உடனே ஆன் செய்வதுதான் வழி. அக்னி நட்சத்திரத்தில் மதியம் இரண்டு மணிக்கு ஸ்டஃபிங் (பெட்டியில் சரக்கு ஏற்றுவது) வைக்கச் சம்மதிக்கும் ஃபார்வர்டரை வேறு எதிலும் நம்ப வேண்டாம்.

அடுக்குவதற்கும் முறை உண்டு. குளிர்காற்று தரைவழியாகக் கதவுவரை ஓடி, சரக்கைச் சுற்றி மேலேறி, கூரையடியில் இயந்திரத்துக்குத் திரும்புகிறது. உறைந்த சரக்கை இடைவெளி விடாமல் ஒரே பாறையாக அடுக்க வேண்டும். காற்று அதைச் சுற்றிப் போனால் போதும். உள்சுவரில் போட்டிருக்கும் சிவப்புக் கோட்டுக்கு மேல் ஒரு அட்டைப்பெட்டிகூடப் போகக் கூடாது. போனால் திரும்பும் காற்றின் வழி அடைபடும். சரக்கு குறைவாக இருந்து கதவுப்பக்கம் தரை வெறுமையாக நின்றால், காற்று அந்தக் குறுக்குவழியில் மேலே ஏறிவிடும், சரக்கின் பின்பாதிக்குக் குளிர் போய்ச் சேராது. மிச்சத் தரையைத் தடித்த அட்டையால் மூடிவிட்டால் பிரச்சினை தீரும். அட்டையின் விலை ஒன்றுமே இல்லை, அப்படியிருந்தும் பாதி ஸ்டஃபிங்கில் யாரும் அதைப் போடுவதில்லை.

இனி சாலை. சென்னைத் துறைமுகத்துக்குள் டி.பி. வேர்ல்டு நடத்தும் சி.சி.டி.எல்., பி.எஸ்.ஏ. நடத்தும் சி.ஐ.டி.பி.எல். என்று இரண்டு கன்டெய்னர் டெர்மினல்கள். வடக்கே எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் அதானி டெர்மினல்கள். எதில் கப்பல் வருகிறதோ அங்கேதான் போயாக வேண்டும், நமக்குத் தேர்வு கிடையாது. ஆனால் டிரெய்லர் போகும் பாதை அதை வைத்து மாறும். திருவொற்றியூர் பக்கம் எண்ணூர் விரைவுச்சாலையில் வண்டிகள் வரிசைகட்டி நிற்பது இந்த ஊருக்குப் புதிதல்ல. புயலோ மழையோ வந்து துறைமுகம் மூடப்பட்டால் வரிசை கேட்டிலிருந்து எங்கு வரை நீளும் என்று கணக்கே கிடையாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் நேரத்தில் வடசென்னையே தண்ணீரில் நின்றது. ஐப்பசி, கார்த்திகையில் ஏற்றுபவர்கள் கட்-ஆஃப் நேரத்தை (டெர்மினல் பெட்டியை ஏற்கும் கடைசி நேரம்) தொட்டுக்கொண்டு திட்டமிடுவது தற்கொலை.

இந்த இடத்தில்தான் ஜென்செட் வருகிறது. ரீஃபருக்கு 400 வோல்ட் அளவில் மூன்று ஃபேஸ் மின்சாரம் வேண்டும், 32 ஆம்ப் பிளக். டிரெய்லர் எஞ்சினில் அது கிடைக்காது. பெட்டியின் முன்னாலோ சேசிஸுக்குக் கீழோ தனி டீசல் ஜென்செட் பொருத்தியிருக்க வேண்டும். கொட்டேஷனில் இதற்குத் தனிக் கட்டணம் போட்டிருக்கும். அந்தக் கட்டணத்தை வெட்டினால் மொத்தம் அழகாகக் குறையும் என்பதால் முதலில் வெட்டுப்படுவதும் அதுதான். "பக்கத்துலதானே சார், ரெண்டு மணி நேரத்துல உள்ள போயிடும்" என்பார்கள். நெருக்கமாக அடுக்கிய உறைந்த சரக்கு சில மணி நேரம் மின்சாரம் இல்லாமல் தாங்கும் என்பது உண்மை. ஆனால் அந்த ரெண்டு மணி நேரம் கேட் வரிசையில் பத்தாக மாறினால், மேலடுக்கும் கதவோர வரிசையும் முதலில் இளகும். பிறகு டெர்மினலில் பிளக் மாட்டியதும் திரும்ப இறுகும். போய்ச் சேர்ந்த ஊரில் பாக்கெட்டைத் திறந்தால் உள்ளே வெள்ளைப் பனித்தூள் கொட்டும். இறால் பாக்கெட்டில் ஒன்றோடு ஒன்று ஒட்டிப் பாறையாகியிருக்கும். அட்டைப்பெட்டியின் மூலை நனைந்து காய்ந்து வளைந்திருக்கும். இந்த மூன்றையும் பார்த்தாலே வழியில் ஒருமுறை இளகியது என்று வாங்குபவர் கண்டுபிடித்துவிடுவார். தெர்மாமீட்டர் −18 காட்டினாலும் அவர் நம்ப மாட்டார், நம்பவும் கூடாது.

ஜென்செட் இருந்தும் டீசல் தீர்ந்து நிற்கும் கதைகள் உண்டு. மணிக்குச் சுமார் 3 லிட்டர் குடிக்கும் சாதனம் அது. கிளம்பும்போது டேங்க் அளவையும் கன்ட்ரோலர் திரையையும் சேர்த்துப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். திரையில் சப்ளை ஏர் (சரக்குக்குப் போகும் காற்று), ரிட்டர்ன் ஏர் (திரும்பி வரும் காற்று) என்று இரண்டு எண் வரும். −20 செட் பாயின்ட்டில் (பெட்டிக்குக் குறித்துக் கொடுக்கும் வெப்பநிலை) சப்ளை −22, ரிட்டர்ன் −19 என்றால் எல்லாம் நலம். கதவைச் சாத்தி ஒரு மணி நேரம் கழித்தும் சப்ளை −22, ரிட்டர்ன் −9 என்று இடைவெளி விரிந்தே நின்றால் சரக்கு சூடாக ஏறியிருக்கிறது, இல்லை காற்று எங்கோ அடைபட்டிருக்கிறது. கப்பலேறிய பின் இதைச் சரிசெய்ய யாராலும் முடியாது.

செட் பாயின்ட்டிலேயே இன்னொரு பழைய வம்பு உண்டு. புக்கிங்கில் மைனஸ் குறி விழுந்துபோய் +18 என்று பதிவாவது முதல் வகை. அமெரிக்க பையர் ஃபாரன்ஹீட்டில் "0" என்று எழுதுவார், அது −18 செல்சியஸ்தான். அதை அப்படியே 0 டிகிரி செல்சியஸாக ஏற்றிவிடுவது இரண்டாவது வகை. புக்கிங் உறுதிக் கடிதம், கேட்டில் கொடுக்கும் படிவம், பி.எல். (கப்பல் லைன் தரும் சரக்கு ரசீது) மூன்றிலும் "மைனஸ் 18 டிகிரி செல்சியஸ்" என்று எழுத்திலும் எண்ணிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று ஒருவர் உட்கார்ந்து படிக்க வேண்டும். −18 அவசியமா, −15 போதாதா என்ற பேச்சு 2023-இல் துபாய் காலநிலை மாநாட்டையொட்டி ஒரு இயக்கமாகவே கிளம்பியது. மின்சாரம் மிச்சமாகும் என்பது அவர்கள் வாதம். நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் பையரின் ஒப்பந்தத்தில் −18 என்று இருக்கும்வரை நாமாக முடிவெடுத்து மாற்றக் கூடாது.

உறைந்த சரக்குக்கு இந்தச் சேவையைத் தயங்காமல் பரிந்துரைக்கலாம். உறைய வைக்காமல் குளிரில் மட்டும் வைக்கும் சரக்குக்கு அப்படிச் சொல்ல முடியவில்லை. இட்லி மாவு 4 டிகிரியிலும் மெதுவாகப் புளித்துக்கொண்டே இருக்கும். சிங்கப்பூர் போய் இறங்கி, கஸ்டம்ஸ் முடிந்து, கடை அலமாரிக்கு வரும்போது பாக்கெட் உப்பியிருக்கும். கறிவேப்பிலை, கொத்தமல்லி, மல்லிகைப்பூவுக்கு விமானம்தான். பழத்துக்கு ரீஃபர் நன்றாகவே உதவும், ஆனால் அது வேறு கலை. தேனி வாழை தூத்துக்குடி வழியாக அப்படித்தான் போகிறது. வாழைக்கு 13 டிகிரிக்கு மேல் வைக்க வேண்டும், இறங்கினால் தோல் சாம்பல் நிறமாகும், பிறகு ஒழுங்காகப் பழுக்காது. காய்கனி மூச்சு விடுவதால் வென்ட் திறந்திருக்க வேண்டும். எவ்வளவு என்பதை மணிக்கு இத்தனை கன மீட்டர் என்று எழுதுங்கள். சதவீதத்தில் எழுதினால் ஒவ்வொரு பெட்டி மாடலுக்கும் அர்த்தம் மாறும். அட்டைப்பெட்டியில் மேலும் கீழும் துளை இருந்து, அடுக்கும்போது துளைக்கு நேரே துளை வர வேண்டும். இங்கே காற்று சரக்கைச் சுற்றிப் போனால் போதாது, ஊடுருவிப் போக வேண்டும்.

முழுப் பெட்டி நிரப்ப முடியாதவர்களுக்குப் பங்குப் பெட்டி விற்கிறார்கள். எல்லா ஊருக்கும் கிடையாது. உங்கள் பரோட்டாவுக்குப் பக்கத்தில் யாருடைய கருவாடு உட்காரும் என்று உங்களுக்குத் தெரியாது. பக்கத்துக்காரரின் காகிதத்தில் சிக்கல் வந்தால் உங்கள் சரக்கும் சேர்ந்து நிற்கும். சாம்பிள் அனுப்பிப் பார்க்கச் சரி, தொடர் வியாபாரத்துக்கு வேண்டாம். 20 அடி ரீஃபரும் எளிதில் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் கட்டணம் 40 அடியில் பாதி என்று எண்ணிவிடாதீர்கள். இன்னொரு உற்பத்தியாளரோடு சேர்ந்து ஒரே பையருக்கு 40 அடி நிரப்புவது கட்டுப்படியாகும்.

காகிதத்தைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை, நல்ல சி.எச்.ஏ. (கஸ்டம்ஸ் ஏஜென்ட்) இருந்தால் ஓடிவிடும். கடல் உணவுக்கு எம்பீடா (கடல் பொருள் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையம்) பதிவும் ஏற்றுமதி ஆய்வு முகமையின் சுகாதாரச் சான்றும், காய்கறிக்கு மீனம்பாக்கம் தாவரத் தடுப்புக்காப்பு நிலையத்தின் சான்றும் வேண்டும். 2016 ஜூலையிலிருந்து எடைச் சான்றான வி.ஜி.எம். இல்லாமல் எந்தப் பெட்டியும் கப்பலேறாது. அமெரிக்காவுக்கு என்றால் அந்நாட்டு உணவு, மருந்து அமைப்பான எஃப்.டி.ஏ.வின் பதிவு எண் வேண்டும், கப்பல் சேருவதற்குக் குறைந்தது 8 மணி நேரம் முன்பு பிரையர் நோட்டீஸ் (முன்னறிவிப்பு) போயிருக்க வேண்டும். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும்: தொழிற்சாலையிலேயே ஏற்றி மின்னணு சீல் போடும் செல்ஃப் சீலிங் அனுமதியை வாங்கிவிடுங்கள். வெயிலில் திறந்த யார்டில் கதவைத் திறந்து பரிசோதிக்கும் வாய்ப்பு அதனால் பெரிதும் குறைகிறது. ஐரோப்பாவுக்கு நெய், பால் சேர்ந்த பரோட்டா அனுப்ப நினைப்பவர்கள் கூட்டுப்பொருள் விதியை (விலங்குவழிப் பொருள் கலந்த உணவுக்கானது) முதலில் படிக்க வேண்டும், எண்ணெயில் செய்த பரோட்டாவுக்கு அந்தத் தலைவலி இல்லை.

கட்டணத்தில் கவனிக்க வேண்டியது ஃப்ரெய்ட்டுக்குக் கீழே இருக்கும் மற்றக் கட்டணங்கள். ஜென்செட், டெர்மினல் பிளக்-இன், டி.எச்.சி. (டெர்மினல் கையாளும் கட்டணம்), கப்பல் தள்ளிப்போனால் கூடுதல் பிளக்-இன் நாள்கள் யார் தலையில் என்பதை மெயிலில் வாங்குங்கள். போய்ச் சேரும் துறைமுகத்தில் ஃப்ரீ டேஸ் (கூடுதல் கட்டணம் இல்லாத நாள்கள்) ரீஃபருக்குச் சாதாரணப் பெட்டியைவிடக் குறைவாகவே தருவார்கள். அதைப் புக்கிங்குக்கு முன் பேரம் பேசலாம், பிறகு பேச முடியாது. கொழும்பில் கப்பல் மாறும் சேவை விலை குறைவாக இருக்கும். அங்கே பிளக் கழற்றி மாட்டுவது வழக்கமான வேலைதான், பயப்பட வேண்டாம். அடுத்த கப்பலுக்கு எத்தனை நாள் காத்திருக்கிறது என்பதுதான் கேள்வி. செங்கடல் சிக்கலில் 2023 கடைசியிலிருந்து ஐரோப்பியக் கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றப் போனபோது பயணத்தில் பத்து நாள், இரண்டு வாரம் கூடியது. காலாவதித் தேதியில் அந்த அளவு இடம் விட்டு அச்சடிப்பது உத்தமம்.

பெரிய லைன்கள் சில, பெட்டியின் வெப்பநிலையைக் கணினியிலேயே பார்க்கும் வசதி தருகின்றன. மேர்ஸ்க்கின் "கேப்டன் பீட்டர்" அப்படிப்பட்டது. பயனுள்ள வசதிதான், ஆனால் அதில் தெரிவது காற்றின் வெப்பநிலை. சரக்குக்குள் என்ன நடந்தது என்பதற்கு நம்முடைய லாகர் (வெப்பநிலையைப் பதிவுசெய்யும் சிறு கருவி) வேண்டும். யூ.எஸ்.பி. வகை ஒன்றைக் கதவோர மேலடுக்கில், இன்னொன்றை நடுவில், இரண்டையும் அட்டைப்பெட்டிக்குள் வையுங்கள். எந்த அட்டைப்பெட்டிக்குள் இருக்கிறது என்று பேக்கிங் லிஸ்ட்டில் குறித்து, பையருக்கும் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் லாகர் நேராகக் குப்பைக்குத்தான் போகும். பெட்டியின் காற்றுப் பதிவில் சில மணிக்கு ஒருமுறை ஒரு சின்ன முள் வந்து இறங்குவது டீஃப்ராஸ்ட், அதை வைத்துப் பையர் சண்டைக்கு வந்தால் பொறுமையாக விளக்கலாம். சரக்குக்குள் வைத்த லாகரில் மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும் மேடு தெரிந்தால் எங்கோ பிளக் இல்லாமல் நின்றிருக்கிறது. மேட்டின் நேரத்தை டிரெய்லரின் ஜி.பி.எஸ்ஸோடு ஒப்பிட்டால் இடம் தெரிந்துவிடும்.

இன்சூரன்ஸ் எடுக்கும்போது சாதாரண மரைன் பாலிசி போதும் என்று ஃபார்வர்டர் சொன்னால் கேட்காதீர்கள். உறைந்த உணவுக்கென்று தனிக் காப்பீட்டு ஷரத்துகள் (இன்ஸ்டிட்யூட் விதிகள்) உண்டு. அதிலும் ஒரு கொக்கி இருக்கிறது: வெப்பநிலை மாறிச் சரக்கு கெட்டால், தீ, கப்பல் விபத்து போன்றவை தவிர, குளிர் இயந்திரம் பழுதாகித் தொடர்ந்து 24 மணி நேரமாவது நின்றிருந்தால்தான் அந்த இழப்பு அடங்கும். கேட் வரிசையில் பத்து மணி நேரம் ஜென்செட் இல்லாமல் நின்ற சரக்குக்கு அதில் ஒரு பைசா வராது. கூடுதல் பிரீமியத்தில் அந்த மணிக்கணக்கைக் குறைத்துத் தருவார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

போய்ச் சேர்ந்த ஊரில் கதவைத் திறந்ததும் சந்தேகம் வந்தால், இறக்குவதை நிறுத்திப் படமெடுத்து, லைனின் ஆளையும் அழைத்துக் கூட்டாக சர்வே செய்யச் சொல்ல வேண்டும். வெளியே தெரியாத சேதத்துக்கு மூன்று நாளுக்குள் எழுத்தில் அறிவிப்பு போக வேண்டும், வழக்குக்கு ஓராண்டு அவகாசம். அந்த மூன்று நாளுக்குள்ளேயே பெட்டியின் கன்ட்ரோலரில் பதிவான மணிவாரிக் கணக்கை டவுன்லோடு செய்து தரும்படி லைனுக்கு மெயில் போட்டுவிடுங்கள். பெட்டி காலியானதும் அது அடுத்த சரக்குக்குப் போய்விடும், பிறகு அந்தக் கணக்கைத் தேடி அலைய வேண்டியது நீங்கள்தான்.